வன்னியில் ஒரு முதலாளியிடம் திறந்த மூல மென்பொருளைப் பற்றிப் பேசுவது எப்படி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓர் அரிசி ஆலை உரிமையாளரிடம், அல்லது ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபையிடம், திறந்த மூல மென்பொருளைப் பற்றி, அதாவது எழுதியவரின் மூலநிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளைப் பற்றி, பேசப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் “இது இலவசம்” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சொல்லோடே பேச்சு முடிந்தும் விடுகிறது. முதலாளி தேநீர் வரவழைத்துக் கொடுத்து, “யோசிச்சுச் சொல்லுறன் தம்பி” என்று மரியாதையாக அனுப்பி வைப்பார். அவருக்குத் தொழினுட்பம் விளங்கவில்லை என்று வெளியே வந்தவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கடனும் வட்டியும் நெல் விலையும் பார்த்து முடிவெடுத்துப் பழகிய ஒருவருக்கு, விலையில்லாத பொருள் என்றவுடன் எழும் ஐயம் நியாயமானது. அந்த ஐயத்துக்கு மதிப்பளித்துத்தான் பேச வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய மேசையில் இருக்கும் கணினியில் ஏற்கெனவே எல்லாமே இலவசம்தான். கணினியைப் பொருத்திக் கொடுத்த கடையே விண்டோஸையும், எழுதவும் கணக்குப் பார்க்கவும் தேவையான மற்ற மென்பொருட்களையும் உரிமமில்லாப் பிரதிகளாகப் போட்டுக் கொடுத்திருக்கும். அவர் அதைத் திருட்டு என்று எண்ணுவதில்லை. கணினியோடு சேர்ந்து வந்த பொருள் என்றே எண்ணுகிறார். ஆகவே நம் பகுதியில் திறந்த மூல மென்பொருளின் உண்மையான போட்டியாளர் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் என்பதைவிட, விலை கொடுக்காமல் பிரதி செய்யப்பட்ட அதே மென்பொருள் என்பதே சரி. இரண்டும் பூச்சியம் ரூபாய் என்றால், கைக்குப் பழகியதை விட்டுப் பழகாததற்கு மாற அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மேலைநாடுகளில் எழுதப்பட்ட பரப்புரைக் குறிப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலிக்காமல் போவது இதனால்தான்.

சொல்லின் வரலாற்றிலும் இதே சிக்கல் இருக்கிறது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற அமெரிக்க நிரலாளர், எவரும் மாற்றிப் பகிரக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். அதன் நோக்கத்தை விளக்கியபோது அவர் வலியுறுத்தியது விலையை அல்ல. மென்பொருளை எந்தத் தேவைக்கும் இயக்கவும், அது எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்து மாற்றவும், பிறருக்குப் பிரதி கொடுக்கவும், மாற்றியதையும் பிறரோடு பகிரவும் பயனருக்கு உள்ள உரிமையைப் பற்றியே பேசினார். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் “free” என்ற ஒரே சொல் குறிப்பதால், நிறுவனத் தலைவர்களுக்கு அது மலிவுச் சரக்காகவே கேட்டது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்ததை அடுத்து, பெப்ரவரியில் கூடிய சிலர் அந்த மயக்கத்தைத் தவிர்ப்பதற்கென்றே வேறொரு பெயரைத் தேடினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த பெயரைத்தான் நாம் இன்று “திறந்த மூலம்” என்கிறோம். அதாவது, வணிகர்களிடம் பேசுவதற்காகவே பிறந்த பெயர் அது. தமிழில் அந்த மயக்கத்துக்கே இடமில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நம் மொழி தந்திருக்கும் இந்த வசதியை நாமே கைவிட்டு “இலவசம்” என்று தொடங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அப்படியானால் எதில் தொடங்குவது? வன்னியில் அதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வங்கிப் புத்தகங்களையும் பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு நடந்தன. பலருக்கு அவையும் மிஞ்சவில்லை. மீள்குடியேறிய பிறகு, தன் காணி தன்னுடையதுதான் என்றும் தன் சேமிப்பு இவ்வளவு என்றும் மெய்ப்பிக்க அலைந்தவர்கள் இன்று கடை நடத்துகிறார்கள், ஆலை நடத்துகிறார்கள், சங்கங்களின் தலைவர்களாக இருக்கிறார்கள். பதிவு கைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: “உங்கள் கணக்கை எழுதித் தந்த ஆள் நாளைக்கு வராவிட்டால், அந்தக் கணக்கை வேறு யாரால் திறக்க முடியும்?”

எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் கசப்பானது. நெல் கொள்வனவுக்கும் விற்பனைக்குமாக ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளை அங்கே ஆறு ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கியபோது மென்பொருள் புதிய திறவெண்ணைக் கேட்டது, கொடுக்க ஆளில்லை. பழைய கணினியை ஒருவாறு திருத்தி இயக்கியபோது எந்தக் கமக்காரருக்கு எவ்வளவு முற்பணம் கொடுக்கப்பட்டது என்பதைத் திரையில் பார்க்க முடிந்ததே தவிர, முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்க வழியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பல வாரங்கள் இருந்து திரையைப் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதினார்கள். அந்த மென்பொருளுக்கு அவர்கள் காசு கொடுத்திருந்தார்கள். விலைக்கு வாங்கியும், தம்முடைய சொந்தக் கணக்கே தம் கையில் இல்லாமல் போனது.

திறந்த மூலம் இந்த இடத்தில் தருவது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூலநிரல் வெளிப்படையாக இருப்பதால், ஒருவர் விட்டுப் போன வேலையை இன்னொருவர் தொடரலாம். தரவு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதால், அந்த மென்பொருளையே கைவிட நேர்ந்தாலும் கணக்கைக் கைவிட நேராது. இது வெறும் கோட்பாடு அன்று. ஓப்பின் ஒபிஸ் என்ற திறந்த மூல அலுவலகத் தொகுப்பு சன் நிறுவனத்திடம் இருந்தது. 2010 இன் தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஒறாக்கிள் வாங்கியபோது, அந்தத் தொகுப்பின் எதிர்காலத்தில் நம்பிக்கை இழந்த பங்களிப்பாளர்கள் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, அந்த ஆண்டு செப்டெம்பரில் லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். பயனர்களின் பழைய கோப்புகள் அப்படியே திறந்தன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து மரியாடிபி பிரிந்ததும் இதே கதைதான். உரிமையாளர் மாறினாலும், கொம்பனி மூடப்பட்டாலும், பயன்படுத்துபவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று முதலாளிக்குத் தேவைப்படாது.

ஆனால் “திறந்த” என்ற சொல் இங்கே வேறொரு அச்சத்தைக் கிளப்பும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். “அப்ப எங்கட கணக்கையும் எல்லாரும் பார்க்கலாமோ?” என்று கேட்காத சபையை நான் கண்டதில்லை. சிரித்துவிட்டுக் கடந்து போகக் கூடாத கேள்வி அது. ஒரு பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது பூட்டுச் செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். அதனால் உங்கள் வீட்டுத் திறப்பு அவர்கள் கையில் இருக்கிறது என்று ஆகாது. திறந்திருப்பது மென்பொருளின் மூலநிரல். உங்கள் பேரேடு உங்கள் கணினியில், உங்கள் கடவுச்சொல்லுக்குள்தான் இருக்கும். கொஞ்சம் விபரம் தெரிந்த கணக்காளர் இதற்கு அடுத்த கேள்வியைக் கேட்பார்: மென்பொருளில் நாம் செய்யும் மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் உண்டா? பல திறந்த மூல மென்பொருட்கள் வெளிவரும் குனூ பொதுமக்கள் உரிமத்தின்படி அந்தக் கடப்பாடு மென்பொருளைப் பிறருக்கு விநியோகிக்கும்போதே எழுகிறது. தன் ஆலைக்குள் பயன்படுத்துவதற்காக மாற்றிக்கொள்பவர் அதை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அப்பாச்சி, எம்ஐடி போன்ற உரிமங்களில் கடப்பாடு இன்னும் குறைவு.

உரிமமில்லாப் பிரதியைப் பற்றிப் பேசும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதைச் சொல்லலாம். ஆனால் சட்டத்தைக் காட்டி வெருட்டுவதால் மட்டும் ஒருவரும் மாறியதில்லை. வணிகம் வளரும்போது வரும் கேள்விகளே அவரைத் தொடும். கொழும்பிலுள்ள பெரிய கொள்வனவாளருக்கோ ஏற்றுமதியாளருக்கோ அரிசி, கடலுணவு, பனம்பொருள் கொடுக்கத் தொடங்கும் நாளில், அல்லது ஒரு கொடை நிறுவனத்தின் நிதியைப் பெறும் நாளில், கணக்காய்வு வரும். கணினிகளின் உரிமங்களையும் கேட்கக்கூடும். அதோடு, திருட்டுப் பிரதியை இயக்குவதற்காகப் போடப்படும் சிறு நிரல்கள் வைரஸ் போன்ற தீநிரல்களுக்கு வழிதிறந்து விடுவதும் வழக்கம். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. நம் கடைகளில் ஓடும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு கிடையாது. அந்தக் கணினிகளைத் தூக்கி எறிந்து புதியன வாங்குவதா, அவற்றிலேயே விண்டோஸுக்குப் பதிலாகத் திறந்த மூல இயங்குதளமான லினக்ஸின் ஒரு பதிப்பை நிறுவி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்பது, யாரும் வெருட்டாமலே அவர் முன்னால் நிற்கும் செலவுக் கேள்வி.

டொலரில் மாதச் சந்தா கட்டி மென்பொருள் பயன்படுத்துபவர்களிடம் பேசுவது இதைவிட எளிது, ஏனென்றால் 2022 அவர்களுக்கு மறக்காது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. மாதம் 100 டொலர் கட்டிய ஒருவர், ஒரு பயனரைக்கூடக் கூட்டாமல், 20,000 ரூபாய் கட்டிய இடத்தில் 36,000 ரூபாய் கட்ட நேர்ந்தது. கிளிநொச்சியில் இருக்கும் ஒரு தொழினுட்பவியலாளருக்கு ரூபாயில் கொடுக்கும் கட்டணம் அப்படி ஒரே இரவில் பாய்ந்து ஏறுவதில்லை. அந்தப் பணம் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பதும் சிறிய செய்தி அல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அங்கே கணினி படித்து வெளியேறும் பிள்ளைகளுக்குக் கொழும்புக்கு பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழியும் இருக்க வேண்டும் என்று விரும்பாத முதலாளியை நான் வன்னியில் சந்தித்ததில்லை.

“இலவசமாகக் கொடுக்கிறவன் எப்பிடிப் பிழைப்பான்?” என்ற கேள்விக்கு உள்நாட்டிலேயே விடை உண்டு. 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனம் தன் மென்பொருளின் மூலநிரலைத் திறந்து கொடுத்துவிட்டு, அதற்கான ஆதரவையும் பராமரிப்பையும் பெருநிறுவனங்களுக்கு விற்று வளர்ந்தது. 2024 இல் ஈக்யூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் அதை 60 கோடி டொலருக்கும் அதிகமான மதிப்பில் வாங்கியது. முல்லைத்தீவுக் கரையில் நின்று பேசும்போது நான் சகானாவையும் சேர்த்துச் சொல்வேன். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கென்று இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிட்டியிலும் அதே மென்பொருள் பயன்பட்டது.

இனிச் செலவுக்கு வருவோம். இதை மறைப்பவர்கள் தங்கள் நோக்கத்துக்குத் தாங்களே தீங்கு செய்கிறார்கள். குளத்துத் தண்ணீருக்கு விலையில்லை. ஆனால் வாய்க்காலைத் துப்புரவாக்காத கமக்காரனின் வயலுக்கு அது வந்து சேராது. மென்பொருளை நிறுவுவது, பழைய தரவை மாற்றுவது, ஊழியர்களைப் பழக்குவது, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பது, காப்புப் பிரதி எடுப்பது எல்லாம் செலவுதான். புதுப்பிக்காமல் விட்டால் எந்த மென்பொருளும் ஆபத்தே. 2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கே இயங்கியது விலைக்கு வாங்கி, நிதியின்மையால் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்ட பழைய மென்பொருள். அதே இடத்தில் புதுப்பிக்கப்படாத ஒரு திறந்த மூல மென்பொருள் இருந்திருந்தாலும் விளைவு வேறாக இருந்திருக்காது என்பதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

தரவை மாற்றும் செலவில் நம் பகுதிக்கே உரிய பெரும் பகுதி ஒன்று இருக்கிறது: பாமினி. பல அலுவலகங்களில் இன்னும் கடிதங்களும் உறுப்பினர் பட்டியல்களும் பாமினி எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. ஆகவே கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தெரியும். பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் வரிசை குழம்பும். ஓர் உறுப்பினரின் பெயரை, இன்றைய கணினிகள் எல்லாம் தமிழாகவே அறியும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தட்டித் தேடினால் கிடைக்காது. லிப்ரே ஒபிஸுக்கோ ஒரு புதிய கணக்கியல் மென்பொருளுக்கோ மாறும்போது இந்தக் கோப்புகள் யூனிகோடுக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றுக் கருவிகள் உண்டு என்றாலும் ஆங்கிலமும் தமிழும் கலந்த பட்டியல்களில் அவை தவறும். மனிதக் கண் பார்த்துத் திருத்த வேண்டும். ஆயிரம் உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கத்தில் இது சில நாள் வேலை, அதற்குரிய கூலியை விலைமனுவில் எழுத வேண்டும். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் என்றோ ஒருநாள் செய்தாக வேண்டிய வேலை இது என்பதையும் சபைக்கு விளக்கலாம்.

விலைமனு என்றதும் இன்னொரு தடை நினைவுக்கு வருகிறது. கூட்டுறவுச் சங்கமோ பிரதேச சபையோ ஒரு பொருளைக் கொள்வனவு செய்வதென்றால் விலைமனுக்களைக் கோரி ஒப்பிட வேண்டும். பெரும்பாலான திறந்த மூல மென்பொருட்களுக்கு விலைமனு அனுப்ப விற்பனையாளர் எவரும் இல்லை. கோப்பில் பதிய ஒரு தாளும் இல்லை. முகாமையாளர் மனதார விரும்பினாலும், கணக்காய்வாளருக்குக் காட்ட ஒன்றுமில்லாத முடிவை அவர் எடுக்கத் துணியமாட்டார். எனவே எடுத்துரைக்கப் போகிறவர்கள் பதிவு செய்யப்பட்ட ஒரு சேவை வழங்குநராகப் போய், நிறுவுதல், தரவு மாற்றம், பயிற்சி, ஐந்து ஆண்டுப் பராமரிப்பு என்று விலை குறித்த விலைமனுவைக் கையளிக்க வேண்டும். உரிமக் கட்டணம் என்ற வரியில் பூச்சியம் என்று எழுதலாம். அந்தப் பூச்சியத்தைப் பற்றி வாய்திறந்து பேசவே தேவையில்லை. கணக்காளர் தானே பார்ப்பார்.

எதைப் பரிந்துரைக்கிறோம் என்பதிலும் நேர்மை வேண்டும். சிறு கடைக்குக் கணக்கு மட்டும் போதுமென்றால், இணையம் இல்லாமல் பழைய கணினியிலும் ஓடும் குனூகேஷ் என்ற கணக்கியல் மென்பொருள் போதும். இருப்பு, கொள்வனவு, கணக்கு எல்லாம் ஒன்றாக வேண்டிய ஆலைக்கு, இந்தியாவில் உருவாகிக் குனூ பொதுமக்கள் உரிமத்தில் வெளிவரும் ஈஆர்பிநெக்ஸ்டைக் காட்டலாம். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான ஒடூவைக் காட்டுகிறவர்கள், அதன் விலையில்லாச் சமூகப் பதிப்பில் முழுமையான கணக்கியல் வசதி இல்லை, அது கட்டணப் பதிப்பில்தான் வரும் என்பதை முதல்நாளே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தால் அந்த முதலாளி அதன் பிறகு திறந்த மூலம் என்ற சொல்லையே கேட்க விரும்பமாட்டார். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, எத்தனை பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்று பாராமல் எதையும் கையில் எடுக்கக் கூடாது. வரி மாற்றங்களையும் நினைவில் கொள்ள வேண்டும். பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 இலிருந்து 12 சதவீதமாகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. விலக்குப் பட்டியலிலிருந்தும் பல பொருட்கள் நீக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்தை உரிய நாளில் செய்து தர ஆள் இருக்கிறாரா என்பதே மென்பொருளின் தரத்தைவிட முக்கியமான கேள்வி. ஆள் இல்லையென்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதே முறை.

மாற்றத்தின் வரிசையைப் பற்றி இரண்டு வெளிநாட்டு அனுபவங்கள் போதும். ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. மேயரும் அரசியற் சூழலும் மாறிய பின்னர், 2017 இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. பிரான்சின் ஜொந்தாமெரி என்ற காவற்படை அதற்கு மாறாக, 2005 இல் அலுவலகத் தொகுப்பை மட்டும் மாற்றி, பிறகு உலாவியையும் மின்னஞ்சலையும் மாற்றி, ஊழியர்களின் கை அவற்றில் பழகிய பின்னரே 2008 இலிருந்து இயங்குதளத்தை மாற்றத் தொடங்கியது, அது நிலைத்தது. கூட்டுறவுச் சங்கங்களில் சபை மாறுவது வழமை. ஒரு தலைவரின் ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கிய வேலை அவரோடே போய்விடும். கணக்கெழுதும் பிள்ளைக்கும் களஞ்சியப் பொறுப்பாளருக்கும் அது பயன்பட்டால்தான் அடுத்த சபையிலும் நிற்கும். நான் எப்போதும் முகாமையாளரின் அறைக்குப் போகும் முன் களஞ்சியத்துக்குப் போகச் சொல்வது இதற்காகவே.

காலமும் பார்த்துப் போக வேண்டும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நடக்கும்போது ஆலை இரவு பகலாக ஓடும். அதே நேரத்தில் மார்ச் 31 இல் கணக்காண்டும் முடியும். அந்த நாட்களில் புதிய மென்பொருளைப் பற்றிப் பேசப் போகிறவருக்கு அமர ஒரு கதிரைகூடக் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. சிறுபோக நெல் வந்து முடிந்த புரட்டாதியில் போய்ப் பேசி, ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பழைய கணக்கோடு புதியதையும் அருகருகே எழுதிப் பார்த்து, மாத முடிவில் இரண்டு மிகுதிகளும் ஒத்துவருகின்றனவா என்று கணக்காளரைக் கொண்டே சரிபார்க்கலாம். ஒரு மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தரவையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, முதலாளியின் கையில் ஒரு பென் டிரைவில் கொடுத்து, அவருடைய வீட்டுக் கணினியில் அவரையே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அறுவடை முடியும் வரை பழைய முறையே ஓடட்டும். ஏப்ரல் 1 அன்று ஆரம்ப மிகுதிகளோடு புதிய பேரேட்டைத் திறக்கலாம்.